எத்தனை சதவீதம் ஒத்தால் ஒரே மொழி?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் கடைசிவரை வாருங்கள். நேரமில்லாதவர்கள் நடுவில் இருக்கும் பத்துச் சொல் கணக்கையாவது போட்டுப் பாருங்கள்.

"தமிழும் மலையாளமும் இத்தனை சதவீதம் ஒன்று", "கொரிய மொழியில் பாதி தமிழ்தான்", "மலையில் பேசுவதெல்லாம் தனி மொழியா என்ன, முக்கால்வாசி நம் சொல்தானே" என்று ஏதாவது ஒன்று வாரத்துக்கு ஒரு முறையாவது என் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. 34 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். சதவீதம் என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்விகள் தானாக வாயில் வந்து நிற்கும். எதில் சதவீதம்? எப்படி எண்ணினார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பெண் கிடையாது.

மொழிகளின் சொற்களை எண்ணி ஒப்பிடும் வேலைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலான வரலாறு உண்டு. அதில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. அந்த வரலாறு தெரிந்தால், இந்த எண் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பது விளங்கும். எதற்குப் பயன்படாது என்பதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. இந்த எண்ணைக் காட்டி, சில குழந்தைகளுக்குத் தனியாக ஒரு தாய்மொழியே இல்லை என்று சொல்லிவிட முடியும்.

1. பட்டியல் போட ஆரம்பித்தவர்கள்

ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினுக்கு உலக மொழிகளை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை வந்தது. பீட்டர் சைமன் பல்லாஸ் என்ற அறிஞரிடம் அந்த வேலையைக் கொடுத்தார். 285 சொற்கள், 200 மொழிகள். 1780-களின் கடைசியில் அது நூலாக வந்தது. பெரிய வேலைதான். ஆனால் அதில் இருந்தது பட்டியல் மட்டுமே. இரண்டு சொற்கள் ஒத்திருந்தால் அது ஒரே தாய் வயிற்றில் பிறந்த ஒப்பா, பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய ஒப்பா, தற்செயலா என்று பிரித்துப் பார்க்க அதில் வழியில்லை.

அந்த வழியைத் தென்னிந்திய மொழிகளுக்குக் காட்டியவர் சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ். 1816-இல் காம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கு அவர் ஒரு முன்குறிப்பு எழுதினார். தென்னாட்டு மொழிகள் எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை என்பது அப்போது கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேய அறிஞர்களின் எண்ணம். தெலுங்கில் சமஸ்கிருதச் சொற்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

எல்லிஸ் என்ன செய்தார்? தெலுங்கு இலக்கணக்காரர்கள் ஏற்கெனவே தங்கள் சொற்களை வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். சமஸ்கிருதத்திலிருந்து அப்படியே வந்தவை, திரிந்து வந்தவை, நாட்டுச் சொற்கள் என்று. மாமிடி வெங்கய்யா என்ற தெலுங்கு அறிஞரின் எழுத்தை எல்லிஸ் இதற்குத் துணையாகக் கொண்டார். முதல் இரண்டு வகையையும் ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த வேர்களைத் தமிழ், கன்னட வேர்களோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினார். மூன்றும் ஒரே குடும்பம் என்பது தெரிந்துவிட்டது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது இதற்குச் சரியாக 40 ஆண்டுகள் கழித்து, 1856-இல்.

கணக்கு வாத்தியார் மொழியில் சொன்னால், எல்லிஸ் கற்றுக்கொடுத்தது இதுதான்: முதலில் கடனைக் கழி, பிறகு கூட்டு. இந்தப் பாடத்தைப் பின்னால் வந்தவர்கள் பலமுறை மறந்திருக்கிறார்கள்.

1834-இல் பிரெஞ்சுக் கடற்பயணி துய்மோன் துர்வில், பசிபிக் தீவு மொழிகளை ஒப்பிட்டு, அவற்றின் உறவு நெருக்கத்தை ஓர் எண்ணாகச் சொல்லும் முறையை முன்வைத்தார். மொழி உறவுக்கு மதிப்பெண் போடும் பழக்கம் அங்கிருந்து வருகிறது.

இந்தியாவில் 1894 முதல் 1928 வரை நடந்த கிரியர்சனின் மொழி அளவீடு இன்னொரு பெரிய முயற்சி. ஊதாரி மகன் உவமைக் கதையை ஒவ்வொரு ஊர்ப் பேச்சிலும் சொல்லச் செய்தார்கள். கூடவே 241 சொற்களும் தொடர்களும் கொண்ட ஒரு பட்டியல். 179 மொழிகள், 544 கிளைமொழிகள் என்று முடிவு சொன்னார் கிரியர்சன். ஆனால் சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத் ஆகியவை அந்த அளவீட்டின் எல்லைக்குள் வரவில்லை. 1906-இல் வந்த நான்காம் தொகுதியில் திராவிட மொழிகள் பேசப்படுகின்றன என்றாலும், நம் மலைகளில் ஊர் ஊராகப் போய் எடுத்த கணக்கு அல்ல அது. இதை மனத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

2. நூறு சொல்லும் ஒரு கடிகாரமும்

இன்று நாம் கேள்விப்படும் சதவீதங்களுக்குத் தந்தை மோரிஸ் ஸ்வாடெஷ். பெயரைக் கேட்டால் நம்மூர் சுதேசி போல இருக்கும், அமெரிக்கர். செவ்விந்தியர் மொழிகளை ஆராய்ந்தவர். 1949-இல் அமெரிக்காவில் வீசிய கம்யூனிச எதிர்ப்பு அலையில் கல்லூரி வேலையை இழந்து, பின்னாளில் மெக்சிகோவில் குடியேறி 1967-இல் அங்கேயே காலமானார்.

எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் மனிதனுக்குத் தேவைப்படும் சொற்கள் சில உண்டு. நான், நீ, ஒன்று, இரண்டு, கண், கை, பல், நீர், கல், நெருப்பு, மரம், நாய், சாப்பிடு, தூங்கு, சாவு. இவற்றை எளிதில் கடன் வாங்க மாட்டார்கள், எளிதில் மாற்றவும் மாட்டார்கள் என்றார் ஸ்வாடெஷ். முதலில் 200 சொற்களை ஒட்டிய பட்டியல். 1955-இல் அதைச் சுருக்கி 100 ஆக்கினார். இரண்டு மொழிகளில் இந்த நூறில் எத்தனை இனச்சொற்கள், அதாவது ஒரே மூலத்திலிருந்து வந்த சொற்கள், என்று எண்ணினால் உறவின் நெருக்கம் தெரியும்.

இதோடு அவர் நிறுத்தவில்லை. அப்போதுதான் கரிமத்தை வைத்துப் பழம்பொருள்களின் வயதைக் கணிக்கும் முறை வந்து உலகமே அதைப் பேசிக்கொண்டிருந்தது. மொழிக்கும் அப்படி ஒரு கடிகாரம் இருக்க வேண்டும் என்று நினைத்தார். ஆயிரம் ஆண்டில் ஒரு மொழி இந்த நூறு சொற்களில் 86-ஐத் தக்கவைக்கும் என்று கணக்கிட்டார்கள்.

கூட்டு வட்டி படித்தவர்களுக்கு இது எளிது. ஒரு தாயிலிருந்து இரண்டு மொழிகள் பிரிகின்றன. ஆயிரம் ஆண்டு கழித்து ஒவ்வொன்றும் 86 சதவீதத்தை வைத்திருக்கும். இரண்டிலும் பொதுவாக இருப்பது 86-இல் 86 சதவீதம், அதாவது 74. இரண்டாயிரம் ஆண்டில் 55. மூவாயிரத்தில் 40. இதையே திருப்பிப் போட்டால், எத்தனை சொல் ஒத்திருக்கிறது என்பதிலிருந்து எப்போது பிரிந்தார்கள் என்பது வந்துவிடும். அழகான கணக்கு. அழகான கணக்குகளைத்தான் கவனமாகச் சோதிக்க வேண்டும்.

3. பத்துச் சொல் கணக்கு

நாமே சோதிப்போம். தமிழையும் தெலுங்கையும் எடுத்துக்கொள்வோம். தாளும் பேனாவும் போதும்.

நான் – நேனு
இரண்டு – ரெண்டு
கண் – கன்னு
கை – செய்யி
பல் – பன்னு (பன்மையில் பள்ளு)
நாய் – குக்க
மரம் – செட்டு
கல் – ராயி
தண்ணீர் – நீள்ளு
ரத்தம் – ரக்தம்

முதல் திருத்துநர் காதால் கேட்டு மதிப்பெண் போடுகிறார். நான், இரண்டு, கண், பல், ரத்தம் சரி. மற்றதெல்லாம் தவறு. பத்துக்கு 5. ஐம்பது சதவீதம்.

இரண்டாம் திருத்துநர் ஒலி மாற்ற விதி தெரிந்தவர். கன்னடத்தில் கி, கெ என்று நிற்கும் ஒலி தெலுங்கில் சி, செ ஆகும் என்பது அவருக்குத் தெரியும். கன்னடத்தில் கிவி, தெலுங்கில் செவி, நம்மிடமும் செவிதான். அந்த விதிப்படி கையும் செய்யியும் ஒரே சொல். தண்ணீரில் இருக்கும் நீரும் நீள்ளும் ஒன்று. ஆனால் ரத்தம், ரக்தம் இரண்டும் சமஸ்கிருதக் கடன். கடனைக் கழித்துவிட்டால் பட்டியலில் 9 சொற்கள்தான் மிச்சம். அவற்றில் 6 சரி. ஏறத்தாழ 67 சதவீதம்.

மூன்றாம் திருத்துநர் அகராதிப் பிரியர். தெலுங்கில் மரத்துக்கு மானு, ம்ரானு என்ற சொற்களும் உண்டே, அது மரம்தானே என்கிறார். ரத்தத்துக்குத் தெலுங்கில் நெத்துரு, கன்னடத்தில் நெத்தரு, பழந்தமிழில் நெய்த்தோர். அதையும் சேர் என்கிறார். இப்போது பத்துக்கு 8. எண்பது சதவீதம்.

ஒரே இரண்டு மொழிகள், ஒரே பத்துப் பொருள். 50, 67, 80. மூவரும் பொய் சொல்லவில்லை. எண்ணும் விதிதான் வேறு.

இந்த மூன்றையும் ஸ்வாடெஷின் கடிகாரத்தில் போட்டேன். 50 என்றால் பிரிந்து 2,300 ஆண்டுகள். 67 என்றால் 1,340. 80 என்றால் 740. இப்போது கல்வெட்டைப் பாருங்கள். கடப்பை மாவட்டம் கலமல்லாவில் ரேனாட்டுச் சோழர் பொறித்த தெலுங்குக் கல்வெட்டு ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நன்னயர் 11-ஆம் நூற்றாண்டிலேயே பாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கிவிட்டார். 740 ஆண்டுக் கணக்கும் 1,340 ஆண்டுக் கணக்கும் கல்லில் மோதி உடைகின்றன.

பத்துச் சொல் மிகக் குறைவு என்று நீங்கள் சொல்வது சரி. ஒரு சொல் மாறினால் பத்து சதவீதம் மாறும். ஆனால் நூறு சொல் எடுத்தாலும் சிக்கல் முழுவதும் தீராது. நூறில் 70 ஒத்திருந்தால், புள்ளியியல் விதிப்படி உண்மையான மதிப்பு 61-லிருந்து 79 வரை எங்கும் இருக்கலாம். அந்த ஒன்பது புள்ளி ஏற்ற இறக்கத்தை வாட்ஸ்அப் செய்தி எதிலாவது பார்த்திருக்கிறீர்களா?

இன்னொன்று. வீட்டில் பேசும் சொல்லை எழுதுவதா, ஏட்டில் இருக்கும் சொல்லை எழுதுவதா? மலையாளத்தில் குடிக்கும் நீர் வெள்ளம். நமக்கு வெள்ளம் வந்தால் ஊரையே காலி செய்வோம். அவர்களுக்கு ரத்தம் சோர. ஏட்டுச் சொற்களை எழுதினால் நீருக்கு நீர், ரக்தத்துக்கு ரத்தம் என்று இரண்டும் ஒத்துவிடும். வீட்டுச் சொற்களை எழுதினால் இரண்டும் போய்விடும். தெலுங்கு செட்டுவும் நம் செடியும் ஒரே மூலம்தான். ஆனால் அங்கே மரம், இங்கே செடி. பொருள் மாறியதால் இந்தக் கணக்கில் சேராது.

காது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கும் ஒரு வார்த்தை. பால் – ஹாலு, பல் – ஹல்லு, பத்து – ஹத்து, புலி – ஹுலி. காதுக்குத் தூரம். ஆனால் தமிழின் ப கன்னடத்தில் ஹ ஆகிறது என்ற விதி ஒரு சொல்லில் மட்டுமா நிற்கிறது, வரிசையாக நிற்கிறது. பழங்கன்னடத்தில் இவை ப-வில்தான் தொடங்கின. எனவே உறவு உறுதி. மறுபக்கம், கொரிய மொழியில் அம்மாவுக்கு ஏறத்தாழ அம்மா, அப்பாவுக்கு அப்பா. காதுக்கு மிக நெருக்கம். ஆனால் மழலையில் உதடு சேர்ந்து பிறக்கும் இத்தகைய சொற்கள் உறவே இல்லாத பல மொழிகளில் உண்டு. வரிசையான ஒலி விதி கிடைக்காதவரை அதை உறவுக்குச் சான்றாக எடுக்க முடியாது. ஆங்கிலத்தின் ஒன்னும் தமிழின் ஒன்றும் ஒத்திருப்பதால் லண்டன்காரன் நமக்குப் பங்காளி ஆவானா?

4. கடிகாரம் ஓடவில்லை, பட்டியல் நின்றது

1962-இல் பெர்க்ஸ்லாண்ட், வோக்ட் என்ற இரு நார்வே அறிஞர்கள், வரலாறு தெரிந்த மொழிகளை வைத்தே இந்தக் கடிகாரத்தைச் சோதித்தார்கள். ஐஸ்லாந்து மொழியும் நார்வே மொழியும் ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரே பழைய வடமொழியிலிருந்து கிளைத்தவை (நம் வடமொழி அல்ல, ஐரோப்பாவின் வடக்கு). தீவில் ஒதுங்கியிருந்த ஐஸ்லாந்து மொழி அந்த நூறு சொற்களில் மிகச் சிலவற்றையே இழந்திருந்தது. அண்டை நாடுகளோடு கலந்து பழகிய நார்வேயின் நகர எழுத்து மொழி அதைவிடப் பல மடங்கு இழந்திருந்தது. ஒரே தாய், ஒரே ஆயிரம் ஆண்டு, இரண்டு வேகம். எல்லா மொழிக்கும் பொதுவான 86 என்ற எண் அன்றோடு நம்பிக்கை இழந்தது.

பட்டியல் மட்டும் நிலைத்தது. பர்ரோவும் எமனோவும் 1961-இல் தொகுத்து 1984-இல் விரித்த திராவிட வேர்ச்சொல் அகராதி, எது இனச்சொல் என்ற கேள்விக்கு நம் மொழிகளில் அடித்தளம் போட்டுத் தந்தது. 2018-இல் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு, 20 திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்களை எடுத்து, எல்லாக் கிளைக்கும் ஒரே வேகம் என்று வைக்காத புதிய புள்ளியியல் முறையில் கணக்கிட்டது. திராவிடக் குடும்பத்தின் வயது சுமார் 4,500 ஆண்டுகள் என்றார்கள். கூடவே, இது 3,000-லிருந்து 6,500 வரை இருக்கலாம் என்றும் சொன்னார்கள். நல்ல கணக்குக்கு இதுதான் அடையாளம். தன் சந்தேகத்தின் அளவையும் தானே எழுதிவைக்கும். செய்தியாகப் பரவும்போது 4,500 மட்டும் நின்று மற்றது உதிர்ந்துவிட்டது.

5. சொல் ஒத்தால் பேச்சு புரியுமா?

நெருங்கிய பேச்சு வழக்குகளைப் பற்றிப் பேசும்போது இன்னொரு கேள்வி வருகிறது. இத்தனை சொற்கள் ஒத்திருந்தால் ஒருவருக்கொருவர் புரிந்துவிடும்தானே?

1950-களிலேயே சில ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்தார்கள். 1970-களில் அது ஒரு முறையாகவே அமைந்தது. ஓர் ஊர்க்காரர் தம் வாழ்வில் நடந்ததைத் தம் பேச்சில் சொல்வார். பதிவு செய்துகொண்டு, பக்கத்துப் பேச்சுக்காரர்களுக்குப் போட்டுக்காட்டி, பத்துக் கேள்வி கேட்பார்கள். எத்தனைக்குச் சரியான விடை என்று பார்ப்பார்கள். சொற்பட்டியலில் 60 சதவீதத்துக்குக் கீழே வந்தால் தனி மொழி என்று கொள்ளலாம், அதற்கு மேலே வந்தால் இந்தப் புரிதல் சோதனை செய்யாமல் எதுவும் முடிவு சொல்லக்கூடாது என்பது களத்தில் வேலை செய்வோர் வகுத்துக்கொண்ட ஒரு விதி. கவனியுங்கள். அதிக சதவீதம் "ஒரே மொழி" என்று தீர்ப்புச் சொல்லவில்லை. இன்னும் போய் விசாரி என்றுதான் சொல்கிறது.

சதவீதம் இரு பக்கமும் ஒன்றே. தமிழிலிருந்து மலையாளத்துக்கு எவ்வளவோ, மலையாளத்திலிருந்து தமிழுக்கும் அவ்வளவு. புரிதல் அப்படியா இருக்கிறது? தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த பாலக்காட்டுக்காரருக்கு நம் பேச்சு புரியும் அளவுக்கு, தஞ்சாவூர்க்காரருக்கு அவர் பேச்சு புரிவதில்லை.

மனசும் இதில் புகுந்துவிடுகிறது. நைஜீரியாவில் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் நெம்பே, கலபாரி என்று நெருங்கிய இரண்டு பேச்சுகள். ஹான்ஸ் வோல்ஃப் என்பவர் 1959-இல் எழுதினார்: நெம்பேக்காரர்கள் கலபாரி புரிகிறது என்கிறார்கள், வசதியும் செல்வாக்கும் மிகுந்த கலபாரிக்காரர்கள் நெம்பே புரியவில்லை என்கிறார்கள். காதில் விழுவது ஒன்றுதான். "அவன் பேசுவது எனக்குப் புரிகிறது" என்று ஒப்புக்கொள்வதில் ஒரு கௌரவப் பிரச்சினை இருக்கிறது.

சட்டமும் புகும். இந்தியும் உருதுவும் அடிப்படைச் சொற்களில் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டு மொழிகளாக நிற்கின்றன. மைதிலி 1991 கணக்கெடுப்பில் இந்திக்குள் ஒன்றாக எண்ணப்பட்டது. 2003-இல் 92-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதை எட்டாம் அட்டவணையில் சேர்த்தது. பிறகு தனியாக எண்ணப்பட்டது. அந்த இடைவெளியில் மைதிலிக்காரர் ஒருவரும் கைக்கும் கண்ணுக்கும் புதுச் சொல் கண்டுபிடிக்கவில்லை.

6. நம் மலைக்கு வருவோம்

2011 கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. அதைச் சலித்து 1,369 தாய்மொழிகள் ஆக்கினார்கள். அதைத் தொகுத்து 121 மொழிகள் ஆக்கினார்கள். 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகள் தனியாகப் பெயர் பெறுவதில்லை. தோடர் மொழியும் கோத்தர் மொழியும் சில ஆயிரம் பேர்கூடப் பேசாதவை என்பதால் அந்த 121-இல் அவற்றுக்குப் பெயர் இல்லை. இரண்டையும் மிகவும் அழியும் நிலையில் உள்ளவை என்று யுனெஸ்கோ குறித்திருக்கிறது. அந்த மொழிகளின் அருமையை உலகுக்குச் சொன்ன எமனோ 1930-களில் நீலகிரிக்கு வந்து தங்கி, பாட்டும் கதையுமாகத் திரட்டிக்கொண்டு போனார். கிரியர்சனின் அளவீடு விட்டுவிட்ட இடத்தில் ஒரு தனி மனிதர் செய்த வேலை அது.

படுகர் மொழியைப் பேசுவோர் 2011-இல் ஏறத்தாழ 1,33,000 பேர். அவர்கள் கன்னடம் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாக இருக்கிறார்கள். இருளர் மொழி தமிழ் என்ற தலைப்பின் கீழ்.

சொற்பட்டியலை மட்டும் பார்த்தால் இதற்கு நியாயம் உண்டு போலத் தோன்றும். படுகர் மொழியிலும் ப போய் ஹ வந்திருக்கிறது. ஊருக்கு ஹட்டி என்கிறார்கள். கன்னடத்தோடு பொதுச் சொற்கள் ஏராளம். ஆனால் எமனோ 1939-இல் அந்த மொழியின் உயிரொலிகளைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ஐந்து உயிர்களும் நாக்கை வளைக்காமல் ஒரு விதம், கொஞ்சம் வளைத்து ஒரு விதம், முழுக்க வளைத்து ஒரு விதம் என்று ஒலித்தன. உலக மொழிகளில் இது மிக அரிது. நூறு சொல் பட்டியலில் இதற்கு எத்தனை மதிப்பெண்? பூஜ்யம். அந்தப் பட்டியல் சொல் ஒரே மூலமா என்று மட்டுமே கேட்கும். நாக்கு என்ன செய்கிறது என்று கேட்காது.

இருளர் மொழியும் அப்படித்தான். தமிழுக்கு நெருங்கிய உறவு என்பதில் ஐயமில்லை. தமிழின் ஒரு வட்டார வழக்கு என்றே நெடுநாள் சொல்லி வந்தார்கள். கமில் சுவலெபில் 1970-களில் தொடங்கி மூன்று பகுதிகளாக அந்த மொழியை ஆராய்ந்து எழுதினார். தமிழில் இல்லாத நடு உயிரொலிகள், தனக்கென்று ஓர் இலக்கண அமைப்பு எல்லாம் கொண்ட தனி மொழி என்பது அவர் முடிவு. இன்றும் அரசுப் பட்டியலில் தமிழுக்குள்தான் இருக்கிறது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். அரசியலமைப்பின் 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. இருளர் மொழி தமிழுக்குள் அடங்கிவிட்டால் அந்தக் குழந்தைக்குத் தமிழ்ப் பள்ளியே தாய்மொழிப் பள்ளி. காகிதத்தில் கடமை முடிந்துவிட்டது.

வகுப்பறையில் முடியவில்லை. மலையடிவாரப் பள்ளி ஒன்றில் நான் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். கரும்பலகையில் எண்ணாக எழுதிக்கொடுத்தால் சட்டென்று கழித்துவிடும் ஓர் இருளர் வீட்டுப் பெண், அதே கணக்கை "ஒருவர் கடனாக வாங்கினார், பாதியைத் திருப்பிச் செலுத்தினார், மீதி எவ்வளவு" என்று வாக்கியமாகக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். மேல் வகுப்புப் பையன் ஒருவன் அதை அவர்கள் பேச்சில் திருப்பிச் சொன்னான். விடை உடனே வந்தது. "அதுவும் தமிழ்தானே சார், கொஞ்சம் கொச்சை, அவ்வளவுதான்" என்றார் உடன் வேலை பார்த்த நண்பர். நல்ல மனிதர், குழந்தைகள்மேல் பிரியமுள்ளவர்.

கண், கை, கல், நீர் எல்லாம் அவளுக்கும் எனக்கும் ஒன்றுதான். ஸ்வாடெஷ் பட்டியலை எடுத்தால் நாங்கள் இருவரும் நல்ல மதிப்பெண் வாங்குவோம். ஆனால் அந்தப் பட்டியலைச் செய்ததே எளிதில் மாறாத சொற்களாகப் பொறுக்கித்தான். அதில் ஒற்றுமை கூடுதலாகத்தான் தெரியும். பள்ளிக்கூடமோ அந்த நூறு சொல்லில் நடப்பதில்லை. செலுத்துவது, மீதி, விகிதம், ஏனெனில், ஆகவே என்ற சொற்களில் நடக்கிறது. வினைச்சொல் எப்படி முடிகிறது, எது கேள்வி, எது கட்டளை என்பதில் நடக்கிறது. இவற்றில் ஒன்றுகூட அந்த நூறில் இல்லை.

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஒடிசாவில் 2007-இல் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்க வகுப்புகளைத் தொடங்கினார்கள். அவற்றில் குவி, கோயா போன்ற திராவிட மொழிகளும் உண்டு. முதலில் வீட்டு மொழி, அதன்வழி மாநில மொழி, பிறகு ஆங்கிலம். இதனால் ஒடியாவுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

ஆக, சொற்களை எண்ணுங்கள். அது நல்ல வேலை. இரண்டு மொழிகள் எந்த வயிற்றில் பிறந்தவை, எவ்வளவு நெருக்கம் என்று கேட்க அதைவிட எளிய கருவி கிடையாது. எல்லிஸ் அதை வைத்துத்தான் தென்மொழிகளுக்குத் தனிக் குடும்பம் உண்டு என்று காட்டினார். அன்று கல்கத்தாவில் "பெரும்பாலான சொற்கள் சமஸ்கிருதம்தானே" என்றவர்களுக்கு நாம் சொல்லும் பதிலை, இன்று "பெரும்பாலான சொற்கள் தமிழ்தானே" என்று மலைக்காரர்களிடம் சொல்பவர்களுக்கும் சொல்லத்தானே வேண்டும்? உறவு வேறு, உட்கொண்டுவிடுவது வேறு. அக்காள் தங்கை முகம் ஒத்திருக்கிறது என்பதற்காக ஒருத்தி பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து யாராவது அடிப்பார்களா?

வழக்கம்போல வீட்டுப்பாடம் உண்டு. நான், இரண்டு, கண், கை, பல், நாய், மரம், கல், தண்ணீர், ரத்தம். இந்தப் பத்துக்கும் உங்கள் வீட்டில் பேசும் சொல்லைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். சௌராஷ்டிரம், படுகு, இருளம், துளு, கொடவா, உருது, தெலுங்கு, கன்னடம், எதுவானாலும் சரி. ஏட்டுச் சொல் வேண்டாம். பாட்டி சொன்ன சொல் வேண்டும். ஊர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். யாருக்கும் சதவீதம் போட மாட்டேன். வரும் சொற்களை வரிசையாக அடுக்கி, எந்த ஒலி எங்கே எப்படித் திரிகிறது என்று அடுத்த பதிவில் சேர்ந்து பார்ப்போம்.